தொடுதிரையும் ஒரு தொடுதலும்



கடந்த வெள்ளிக்கிழமை மாலை, நம் சபையின் மூத்த தாயார் ஒருவரைச் சந்தித்து ஜெபிக்கச் சென்றிருந்தேன். கதவு திறந்தே இருந்தது. குரல் கொடுத்துக்கொண்டே உள்ளே நுழைந்தபோது, கட்டிலில் சாய்ந்திருந்த அவர் கையிலிருந்த ஏதோ ஒன்றை அவசரமாகத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, பக்கத்திலிருந்த வேதாகமத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் கவனியாதவன்போல் நலம் விசாரித்து, சங்கீதம் ஒன்றை வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாம் வசனத்தை முடிக்குமுன்னே தலையணைக்கு அடியிலிருந்து பகடை உருளும் சத்தம் கேட்டது.

அம்மையாரின் முகம் சிவந்துவிட்டது. "ஐயா, தவறாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பேரன் தோகாவிலிருந்து விளையாடுகிறான். இன்று அவனுக்கு விடுமுறை. ஆட்டம் பாதியில் நிற்கிறது" என்றார்.

தலையணைக்கு அடியிலிருந்து ஒரு டேப்லெட் வெளியே வந்தது. திரையில் லூடோ பலகை. கணவரைக் கர்த்தரிடம் அனுப்பிய பின்பு இரவுகளில் உறக்கம் வராமல் தவித்த அவருக்குப் பேரன்தான் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தானாம். விளையாடிக்கொண்டே பேசவும் முடிகிறதாம். அதன்பின் அவர் சொன்ன ஒரு வார்த்தை என் உள்ளத்தில் தங்கிவிட்டது: "போனில் கேட்டால், நன்றாக இருக்கிறேன் பாட்டி என்று ஒரே வரியில் முடித்துவிடுவான் ஐயா. காயை நகர்த்திக்கொண்டிருக்கும்போதுதான் சம்பளம் தாமதமாவதையும், அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவதையும் சொல்லுகிறான்."

ஜெபித்து முடித்துப் புறப்பட எழுந்தபோது, அவர் சிரித்துக்கொண்டே, "ஐயாவுக்கு இந்த விளையாட்டெல்லாம் தெரியுமா?" என்று கேட்டார். ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னைக் குத்திக்கொண்டே வந்தது. அதற்குரிய நேர்மையான பதிலை இந்த வாரத் தியானமாக உங்கள் முன் வைக்கிறேன். என் துணைவியாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் ஆலயக் கதவுகள் அடைபட்டிருந்தபோது, இணையவழி ஆராதனை நடத்துவதற்காக என் மகள் எனக்கு ஒரு டேப்லெட் வாங்கித் தந்தாள். வேதாகமம், விளக்கவுரைகள், பிரசங்கக் குறிப்புகள் எல்லாம் அந்தக் கண்ணாடிப் பலகைக்குள் அடங்கின. மெய்யாகவே அது ஊழியத்துக்குப் பேருதவியாய் இருந்தது. எப்போது என்று நினைவில்லை, ஒரு ஞாயிறு இரவு, இரண்டு ஆராதனைகளும் ஒரு அடக்க ஆராதனையும் முடித்துக் களைத்து அமர்ந்தவன், ஒரே நிறக் கற்கள் மூன்றை ஒரு வரிசையில் சேர்க்கும் எளிய ஆட்டம் ஒன்றை அதில் இறக்கிக்கொண்டேன். கற்கள் உடைந்து சரிய, மேலிருந்து புதியவை விழ, மனம் ஓய்ந்தது. பத்து நிமிட இளைப்பாறுதல். அதில் என்ன பிழை என்று எண்ணினேன். அன்றைக்கு அதில் பிழை இல்லைதான்.

பிரியமானவர்களே, இவ்வகை ஆட்டங்கள் எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை நாம் அறிந்துகொள்வது நல்லது. இவற்றில் உலகெங்கும் அறியப்பட்டது 2012இல் வெளிவந்த கேண்டி கிரஷ் சாகா. அதில் ஒருவருக்கு ஐந்து உயிர்கள். ஒரு லெவலில் தோற்றால் ஓர் உயிர் போய்விடும். இழந்த உயிர் ஒன்று திரும்பிவர முப்பது நிமிடங்கள் ஆகும். காத்திருக்க மனமில்லாதவர் பணம் கொடுத்து ஆட்டத்தைத் தொடரலாம். மிட்டாய்கள் அடுக்கடுக்காய்ச் சரியும் வேளையில் ஒரு கனத்த குரல் 'டிவைன்' என்று பாராட்டும். தெய்வீகம் என்பது அதன் பொருள். சர்க்கரைக் கட்டிகள் உடைவதற்கு அந்தச் சொல்!

நம் பாட்டிமார் திண்ணையில் ஆடிய தாயத்துக்கு ஒரு முடிவு உண்டு. காய்கள் எல்லாம் பழமானால் ஆட்டம் முடிந்தது. எழுந்து உலை வைக்கப் போகலாம். இறையியல் கல்லூரி விடுதியில் நாங்கள் ஆடிய கேரமுக்கும் முடிவு உண்டு. காய்கள் தீர்ந்துவிடும், இல்லையேல் விளக்கை அணைக்கும் மணி அடித்துவிடும். இந்த ஆட்டங்களுக்கோ முடிவே இல்லை. கேண்டி கிரஷில் லெவல்கள் பத்தாயிரத்தையும் தாண்டிவிட்டன. புதியவை தொடர்ந்து சேர்க்கப்படுகின்றன. ஆடுகிறவன் தானே எழுந்தாலொழிய, அவனை எழுப்ப அந்த ஆட்டத்துக்குள் எதுவும் இல்லை.

கடந்த நூற்றாண்டில் பி. எஃப். ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் எலிகளையும் புறாக்களையும் கொண்டு பல ஆய்வுகள் செய்தார். நெம்புகோலை அழுத்தும் ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்துப் பழகிய பிராணி, தீனி நின்றுபோனால் விரைவில் அழுத்துவதை விட்டுவிடுகிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாதபடி இடையிடையே தீனி பெற்ற பிராணியோ, தீனி நின்ற பின்பும் நெடுநேரம் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறது. அடுத்து விழும் கற்கள் என்ன நிறம் என்று அறியாமல் விரலை நகர்த்திக்கொண்டிருந்த என் நிலையும் அதுவே. அதிலும் ஒரே ஓர் அடி குறைந்து தோற்கும்போது, அது தோல்வியாகவே தோன்றுவதில்லை. 'நூலிழையில் தப்பிவிட்டது, இன்னும் ஒரு முறை' என்று விரல் தானாகவே நகர்கிறது.

இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. கண்ணி எப்படி விரிக்கப்பட்டது என்பதை அறிவது பறவைக்கு நல்லது. ஆனால் சிக்கியது தன் கால்தான் என்பதையும் அது அறிய வேண்டுமல்லவா?

சென்ற ஆண்டின் லெந்து காலத்துக்கு வருகிறேன். அந்த நாற்பது நாளும் நான் அசைவம் தொடவில்லை. ஒவ்வொரு மாலையும் தியானக் கூட்டம் நடந்தது. வாலிபர் கூட்டத்தில், போனிலும் விளையாட்டிலும் பொழுதை அழிக்கிறீர்கள் என்று கடிந்து பேசினேன். கெத்செமனே தோட்டத்தைக் குறித்துப் பிரசங்கித்தேன். தங்கள் ஆண்டவர் வியாகுலப்பட்ட இரவில் ஒரு மணி நேரம்கூட விழித்திருக்க இயலாமற்போன சீஷர்களைப் பற்றிப் பேசியபோது சிலர் கண்ணீர் விட்டதையும் கண்டேன். வீடு திரும்பி, உணவருந்தி, டேப்பை எடுத்தேன். சீஷர்களுக்கு உறக்கத்தால் கண்கள் பாரமாயிருந்தன. எனக்கோ உறக்கமே வரவில்லை. நள்ளிரவு வரை விழித்திருந்தேன், கற்களுக்காக.

அந்த நாட்களில் ஒரு திங்கட்கிழமை இரவு என் துணைவியார் என் அருகில் வந்து அமர்ந்து ஏதோ பேசினார். நான் "ம்" என்றேன். அவர் மேலும் பேசினார். என் தோளைத் தொட்டு ஏதோ கேட்டார். "சரி, போய் வா" என்றேன். அவர் சற்று நேரம் அப்படியே அமர்ந்திருந்துவிட்டு எழுந்து போனார்.

வியாழக்கிழமை காலை சேகரக் கமிட்டிக் கூட்டம். உயிர்த்தெழுந்த பண்டிகையின் அதிகாலை ஆராதனைக்கு ஒலிபெருக்கியும் பந்தலும் ஏற்பாடு செய்வது குறித்து இரண்டு மணி நேரம் பேசினோம். அன்று இரவு சாப்பாட்டு மேசையின்மேல் பெரிய உறை ஒன்று இருந்தது. ஒரு ஸ்கேன் மையத்தின் உறை. என் மனைவியின் பெயர் எழுதியிருந்தது.

"இது எதற்கு?" என்று கேட்டேன்.

"மார்பில் கட்டி இருக்கிறது என்று சொன்னேனே, அதற்குத்தான்" என்றார்.

"என்னிடம் சொல்லவே இல்லையே!"

"திங்கட்கிழமை இரவு சொன்னேன். வியாழக்கிழமை கூட வருகிறீர்களா என்றும் கேட்டேன். நீங்கள்தான் 'போய் வா' என்றீர்கள். கமிட்டிக் கூட்டம் இருக்கிறதே என்று நானும் வற்புறுத்தவில்லை. பெண்கள் ஐக்கியச் சங்கத்து அக்கா ஒருவர் துணைக்கு வந்தார்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு இலகுவாயிருந்திருக்கும். தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே சொன்னார்.

திங்கட்கிழமை இரவை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன். அவர் சொன்னவற்றில் ஒரு சொல்லும் என் நினைவில் இல்லை. ஆனால் அன்றிரவு ஆட்டத்தில் நான் எந்த லெவலில் நின்றேன் என்பது மட்டும் தெளிவாக நினைவிலிருந்தது: 614. இன்றைக்கும் அந்த எண் எனக்கு மறக்கவில்லை. மறக்க வேண்டாம் என்றே விட்டிருக்கிறேன்.

அடுத்த வாரம் ஊசி வைத்துப் பரிசோதித்தார்கள். அது வெறும் நீர்க்கட்டி. அஞ்ச வேண்டியது எதுவுமில்லை என்று மருத்துவர் சொன்னார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆகிலும் அன்பானவர்களே, அந்த நற்செய்தி என் பாரத்தை முற்றிலும் நீக்கவில்லை. ஸ்கேன் மையத்தின் நீண்ட பெஞ்சில், தன் பெயரை எப்போது அழைப்பார்களோ என்று என் மனைவி காத்திருந்த அந்த மணி நேரம் என்னுடையது. நான் அவர் அருகில் அமர்ந்திருக்கும்படி நியமிக்கப்பட்ட நேரம் அது. ஆட்டத்தில் இழந்த உயிர் அரை மணி நேரத்தில் திரும்பிவிடும். அந்த வியாழக்கிழமை எனக்குத் திரும்பி வராது.

அன்றிரவு என் மனதில் வந்து நின்ற வேதப் பகுதி, மாற்கு ஐந்தாம் அதிகாரம். பலமுறை பிரசங்கித்த பகுதிதான். ஜெப ஆலயத் தலைவனாகிய யவீருவின் வீட்டுக்கு ஆண்டவர் போய்க்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு வயதுச் சிறுமி மரணத் தறுவாயில் இருக்கிறாள். இதைவிட அவசரமான பயணம் எது? திரளான ஜனங்கள் அவரை நெருக்குகிறார்கள். அந்த நெருக்கத்தின் நடுவே, பன்னிரண்டு ஆண்டுகளாக உதிரப்போக்கால் வருந்திய ஒரு ஸ்திரீ, வாய்விட்டுச் சொல்ல முடியாத நோயோடு, பின்னாலிருந்து அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். ஆண்டவர் நின்றுவிடுகிறார். தம்மைத் தொட்டது யார் என்று விசாரிக்கிறார். இத்தனை பேர் இடிக்கும்போது இது என்ன கேள்வி என்று சீஷர்கள் வியக்கிறார்கள். அவரோ அந்த ஒரு தொடுதலை மற்ற எல்லாத் தொடுதல்களிலிருந்தும் பிரித்து அறிந்திருந்தார். அவள் நடுங்கிக்கொண்டு முன்வந்து முழு உண்மையையும் சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டார்.

அவர் நின்ற நேரத்தில் யவீருவின் மகள் இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்தது. ஆனாலும் நின்றதால் அவர் கையிலிருந்து எதுவும் நழுவிப்போகவில்லை. அங்கேயும் போனார், அவளையும் எழுப்பினார்.

இப்போது டேப்பின் கண்ணாடியை எண்ணிப் பாருங்கள். அதை அழுத்த வேண்டியதில்லை. விரல் மெல்லப் பட்டாலே போதும். விரல் ஏற்படுத்தும் மிகச் சிறிய மின் மாற்றத்தை அது உணர்ந்து அந்தக் கணமே பதிலளிக்கிறது. தொடுதிரை என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறோம். அந்தத் திங்கட்கிழமை இரவு என் அறையில் இரண்டு தொடுதல்கள் நிகழ்ந்தன. என் விரல் கண்ணாடியைத் தொட்டது, கண்ணாடி உணர்ந்தது. என் மனைவியின் கரம் என் தோளைத் தொட்டது, நான் உணரவில்லை. சாவின் விளிம்பிலிருந்த சிறுமியிடம் விரைந்துகொண்டிருந்த ஆண்டவர் ஒரு ஸ்திரீக்காக நின்றார். எங்கும் போகாமல் நாற்காலியில் அமர்ந்திருந்த ஊழியக்காரனால் நிற்க முடியவில்லை.

அப்படியானால் விளையாடுவது பாவமா என்று நீங்கள் கேட்கலாம். அல்ல என்பதே என் பதில். ஆண்டவர் சீயோனுக்குத் திரும்பி வரும் நாளைச் சகரியா தீர்க்கதரிசி வருணிக்கையில், எருசலேமின் வீதிகளில் முதியோர் கோலூன்றி அமர்ந்திருப்பதையும், ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் நிறைந்து விளையாடுவதையும் ஆசீர்வாதத்தின் அடையாளமாகக் காட்டுகிறார். விளையாட்டு தேவன் வெறுக்கும் காரியமாயிருந்தால் அந்தத் தரிசனத்தில் அதற்கு இடம் இருந்திராது. அந்தக் காட்சியில் முதியோரும் பிள்ளைகளும் ஒரே வீதியில் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். தலையணைக்கு அடியில் டேப்பை ஒளித்த அந்தத் தாயாரையும் தோகாவிலிருக்கும் பேரனையும் நினைக்கும்போது, கடல் கடந்து நீண்ட ஒரு வீதியாகவே அந்த லூடோ பலகை எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய கையிலும் டேப்தான், என் கையிலும் டேப்தான். அவருடைய ஆட்டம் பேரனின் துயரத்தைக் கேட்கும் செவியை அவருக்குத் தந்தது. என்னுடைய ஆட்டம் பக்கத்தில் இருந்தவரின் குரலை என் செவிக்கு எட்டாமல் செய்தது. எத்தனை மணி நேரம் விளையாடினேன் என்ற கணக்கும் தேவைதான். அதைவிட முதன்மையான கேள்வி, விளையாடும் நேரத்தில் யாருடைய குரல் எனக்குக் கேளாமற்போகிறது என்பது. ஆகவே அம்மா, நீங்கள் இதை வாசித்தால், அடுத்த முறை நான் வரும்போது டேப்பை ஒளிக்க வேண்டாம். ஜெபித்த பின்பு என்னையும் ஓர் ஆட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வாலிபரே, உங்களிடமும் ஒரு வார்த்தை. அன்றைக்கு நான் உங்களிடம் பேசிய செய்தியில் தவறில்லை. அதைப் பேசிய நான், என்னை அதற்கு வெளியே நிறுத்திக்கொண்டு பேசினேன். அது தவறு. என்னை மன்னியுங்கள்.

அதன்பின் என்ன செய்தேன் என்று அறிய விரும்புவீர்கள். அன்றிரவே அந்த ஆட்டத்தை நீக்கினேன். மூன்று வாரம் கழித்து, ஒரு கடினமான நாளின் முடிவில், மீண்டும் இறக்கினேன். நான் விட்ட இடத்தை அது பத்திரமாக வைத்திருந்தது. 614ஆம் லெவல் எனக்காகக் காத்திருந்தது. அதைக் கண்டபோது வெட்கம் வந்தது. மீண்டும் நீக்கினேன். என் மன உறுதியை நான் இனி நம்புவதில்லை. ஆகவே இரவு உணவுக்குப் பின் டேப்பை என் மேசையின் இழுப்பறையில் வைத்துப் பூட்டி, சாவியை மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன். இறையியல் கற்றவன், ஐம்பது வயதைக் கடந்தவன், பள்ளிப் பிள்ளைபோல் சாவியை ஒப்படைக்கிறேன். முதல் நாட்களில் அது தாழ்வாகத் தோன்றியது. இப்போது அதுவே எங்கள் நாளின் நல்ல வேளை. சாவியைக் கொடுக்கும்போது, "இன்று என்ன ஆயிற்று?" என்று கேட்கிறேன். அவர் சொல்லுகிறார். சில நாள் அரிசி விலை; சில நாள் முட்டி வலி; சில நாள், நான் அறியாமல் பல ஆண்டுகளாக அவர் சுமந்து வந்த ஏதோ ஒன்று.

இந்த வாரத்தில் உங்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. உங்கள் கையில் போனோ டேப்போ இருக்கும்போது வீட்டில் ஒருவர் பேசத் தொடங்கினால், அதைக் குப்புறக் கவிழ்த்து வையுங்கள். லெவல் தோற்றால் தோற்கட்டும். அவர் முகத்தைப் பார்த்து, பேசி முடிக்கும்வரை கேளுங்கள். பேச்சு பெரும்பாலும் சிறிய காரியமாகவே இருக்கும். ஆனால் பெரிய காரியங்களும் அதே தாழ்ந்த குரலில்தான், பின்னாலிருந்து வஸ்திரத்தின் ஓரத்தைத் தொடுவதுபோல்தான், நம்மிடம் வருகின்றன.

ஜெபிப்போம்.

அன்பின் ஆண்டவரே, திரளான சத்தங்களின் நடுவே ஒரு மெல்லிய தொடுதலை அறிந்துகொண்டவரே, எங்கள் மந்தமான செவிகளைத் திறந்தருளும். எங்கள் வீடுகளில் கேட்பாரின்றி எழுந்து போனவர்களை எங்களுக்கு நினைப்பூட்டும். அவர்களிடம் திரும்பிப் போய் அமர்ந்து கேட்கும் தாழ்மையைத் தாரும். எங்கள் இளைப்பாறுதலையும் விளையாட்டையும் பரிசுத்தமாக்கும். தூரத்தில் தனித்திருக்கும் எங்கள் பிள்ளைகளைக் காத்துக்கொள்ளும். நாங்கள் உம்மைத் தொடும்போதெல்லாம் நீர் நின்று கேட்கிறதற்காக உமக்கு ஸ்தோத்திரம். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்